நடமாடும் வைஃபை

"மத்தியானம் மீட்டிங். எல்லார் முன்னாடியும் அந்தம்மாவை எழுப்பி நிக்க வச்சு வீட்டுக்கு அனுப்பப் போறேன்!" என்று சொல்லி மேஜையை ஓங்கிக் குத்தினார் மெத்தைக் கம்பெனி முதலாளி.

மேஜை மேல் சாம்பிள் மெத்தை விரித்திருந்தது. அதனால் சத்தமே வரவில்லை. இவ்வளவு கோபப்பட்டும் ஒரு 'டம்' கூடக் கேட்கவில்லையே என்று அவர் முகம் தொங்கிப் போனது.

டமாரத்துக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. அண்ணி மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போனது.

டமாரம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வீட்டில் ஒரு ரகசியம் சொன்னால் அது தெருமுனைக்குப் போய்ச் சேருவதற்குள் அவன் அங்கே நின்றுகொண்டிருப்பான் என்பதால் வந்த பெயர். அவனைப் போய் அண்ணி உதவியாளனாக வைத்திருக்கிறாளே என்று சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். "இவன் பேச ஆரம்பிச்சா எல்லாரும் இவனைத்தான் பாப்பாங்க. நான் நிம்மதியா மத்ததைப் பாக்கலாம்" என்பது அண்ணியின் கணக்கு. அச்சகத்தில் வருஷக்கணக்காகப் பிழை திருத்தியவள் அவள். இப்போது துப்பறிகிறாள். "அப்போ எழுத்துப் பிழை, இப்போ ஆளுங்க பிழை, வேலை ஒண்ணுதான்" என்று டமாரம் போகிற இடமெல்லாம் விளம்பரம் செய்வான்.

விஷயம் இதுதான். கம்பெனி பொத்திப் பொத்தி வைத்திருந்த புது மெத்தைக்கு 'மேகம்' என்று பெயர். அதன் வரைபடம் வெளியே போய்விட்டது. போட்டிக் கம்பெனி அதே மெத்தையை, அதே அடுக்குகளோடு, 'பனி' என்று பெயர் மாற்றி நேற்று விளம்பரம் போட்டுவிட்டது. கம்ப்யூட்டரைக் குடைந்து பார்த்ததில், வரைபடத்தை எடுத்தது கணக்குப் பிரிவு அக்காவின் கணக்கிலிருந்துதான் என்று தெரிந்தது. பஞ்சு, துணி விலை போடுவதற்காக அவருக்கு அந்தக் கோப்புகளைத் திறக்க அனுமதி உண்டு.

"ஒண்ணு, அந்தம்மாவே எடுத்துக் குடுத்திருக்கணும். இல்லேன்னா போலி மெயில்ல பாஸ்வேர்டைத் தூக்கிக் குடுத்திருக்கணும். எதுவா இருந்தாலும் வேலை காலி!" மறுபடி குத்தினார். மறுபடி சத்தமில்லை.

"விடுங்க அத்தான். பாவம், புள்ளகுட்டிக்காரங்க. தெரியாம செஞ்சிருப்பாங்க" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் இழைந்தது. முதலாளியின் மனைவியுடைய தம்பி அவர். விளம்பரப் பிரிவுக்குத் தலைவர். கம்பெனி முழுக்க அவரை 'மச்சான் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். நல்ல மனிதர். வந்தவுடனே அண்ணிக்கு நாற்காலி இழுத்துப் போட்டவர் அவர்தான். டமாரத்துக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

கணக்கு அக்காவை வரச் சொன்னார்கள். கண் சிவந்திருந்தது, கழுத்து மட்டும் விறைப்பாக நிமிர்ந்திருந்தது. மச்சான் சார் ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "எனக்கு ஷூட்டிங் இருக்கு" என்று கிளம்பினார்.

"நான் எந்த லிங்க்கையும் அமுக்கல மேடம். எங்க குழந்தைங்க மேல சத்தியம்" என்றார் அக்கா.

"சத்தியமெல்லாம் வேண்டாம். வந்த மெயிலைக் காட்டுங்க."

அக்கா போனை நீட்டினார். அண்ணி படித்தாள். டமாரம் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான்.

'அன்புள்ள ஊழியர்களுக்கு, போலி மின்னஞ்சல்கள் பெருகி வருகின்றன. எந்த இணைப்பையும் அழுத்தாதீர்கள். இந்த மின்னஞ்சலில்கூட எந்த இணைப்பும் இல்லை. நமது அலுவலக வைஃபை மேம்படுத்தப்பட்டுள்ளது. இன்று மாலைக்குள் புதிய வைஃபையில் சேராதவர்களின் கணக்கு முடக்கப்படும். இப்படிக்கு, கணினிப் பிரிவு.'

"அட, நல்ல மெயிலா இருக்கே! எங்க அப்பா மாதிரி புத்தி சொல்றானே" என்றான் டமாரம்.

"அதான் கெட்டிக்காரத்தனம். லிங்க்கை அமுக்காதேன்னு எல்லாருக்கும் பாடம் எடுத்திருக்காங்க. இவன் லிங்க்கே வைக்கல. திருடனே வாசல்ல நின்னு 'திருடன் ஜாக்கிரதை'ன்னு போர்டு மாட்டியிருக்கான்." அண்ணி அனுப்பியவர் முகவரியை விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். "சார், உங்க கம்பெனி பேர்ல இங்கிலீஷ் 'எம்' வரும் இல்ல?"

"ஆமா."

"இதுல இருக்கிறது எம் இல்ல. சின்ன 'ஆர்', ஒட்டினாப்ல சின்ன 'என்'. ரெண்டும் தோள் உரசிக்கிட்டு நிக்கிறதால எம் மாதிரி தெரியுது."

முதலாளி நெற்றியில் ஏறியிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். பார்த்தார். "அடப்பாவி!"

"ரெண்டு பேர் ஒரே சட்டைக்குள்ள பூந்துக்கிட்டு 'நான் ஒரே ஆள்தான்'னு டிக்கெட் வாங்கின கதை" என்றான் டமாரம்.

"இன்னொண்ணும் இருக்கு. 'இன்று மாலைக்குள்' அப்படின்னு விரட்டுறான். யோசிக்க நேரம் குடுத்தா நாம யோசிச்சிடுவோமே! அந்த நேரத்துல கணினிப் பிரிவுக்கு நடந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சது." அண்ணி அக்காவைப் பார்த்தாள். "நீங்க அந்த வைஃபைல சேர்ந்தீங்களா?"

"சேர்ந்தேன் மேடம். ஆபீஸ் பேர்தானே போட்டிருந்துச்சு? கம்ப்யூட்டர்ல போடற அதே பேரும் பாஸ்வேர்டும் கேட்டுச்சு. ஆபீஸ் வைஃபைதானேன்னு குடுத்தேன்." சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. கழுத்து லேசாகத் தொய்ந்தது.

"உங்களை மாதிரி இன்னும் எத்தனை பேரோ."

முதலாளி தொண்டையைச் செருமினார். "நானும் சேர்ந்தேன்."

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"அப்போ மத்தியானம் உங்களையும் எழுப்பி நிக்க வைக்கணுமே சார்?" என்றான் டமாரம். அண்ணி இந்தத் தடவை காலை மிதிக்கவில்லை.

"ஆனா எனக்கு பாஸ்வேர்டு ஞாபகம் வரல. கண்டதையும் போட்டுப் பாத்தேன், அதுவும் எல்லாத்தையும் வாங்கிக்கிட்டுச்சு."

"மறதி உங்களைக் காப்பாத்திடுச்சு. திருடனுக்கு உங்க பாஸ்வேர்டு இன்னும் கிடைக்கல. கிடைக்காதான்னு ஏங்கிக்கிட்டிருப்பான்." அண்ணியின் கண்ணில் ஒரு மினுக்கு வந்து போனதை டமாரம் பார்த்தான். அந்த மினுக்கு வந்தால் அன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

கணினிப் பிரிவுக்காரரைக் கூப்பிட்டார்கள். ஒல்லியாக, நீளமாக, தோளில் கேபிள் சுருளோடு வந்தார். பேரே 'ஒயர்'. கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கே சலித்துக்கொள்ளும் ஆள். டமாரத்துக்கு உடனே சந்தேகம் முளைத்தது.

"நம்ம வைஃபை பக்கத்துல சின்னப் பூட்டு படம் இருக்கும்" என்றார் ஒயர், போனைக் காட்டி. "அதே பேர்ல இன்னொண்ணு, பூட்டு இல்லாம, கீழ நிக்குது பாருங்க. எங்கிருந்தோ ஒரு பொட்டி இதை விட்டுக்கிட்டிருக்கு. எங்கன்னுதான் தெரியல. சுவரெல்லாம் தட்டிப் பாத்துட்டேன், சீலிங்கைப் பிரிச்சுப் பாத்துட்டேன். இப்போ மாடியில இருக்கும், ஓடிப் போனா அங்க இருக்காது. கேன்டீன்ல இருக்கும்."

"வைஃபைக்கு கால் முளைச்சிருக்கா?" என்றான் டமாரம்.

"முளைச்சிருக்கு" என்று எழுந்தாள் அண்ணி. "வா, புடிக்கலாம்."

அடுத்து நடந்ததைப் பார்த்த ஊழியர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அண்ணி போனை அகல்விளக்கு மாதிரி நெஞ்சுக்கு நேராக ஏந்திக்கொண்டு முன்னால் போனாள். பின்னால் டமாரம், "கோடு ஏறுது... ஏறுது... ஐயோ இறங்குது" என்று வர்ணனை. அதற்குப் பின்னால் கேபிள் சுருளோடு ஒயர். பூட்டில்லாத வைஃபையின் சிக்னல் கோடு நிறையும் பக்கம் போனார்கள், குறைந்தால் திரும்பினார்கள்.

கோடு அவர்களைப் பரிசோதனைக் கூடத்துக்குள் இழுத்துக்கொண்டு போனது. அங்கே வரிசையாக மெத்தைகள், மெத்தைக்கு ஒரு ஆள், எல்லோரும் தூக்கம். தூங்கிப் பார்த்துச் சொல்வதுதான் அவர்கள் உத்தியோகம். டமாரம் அடியெடுத்து வைத்தவுடனே தடுக்கி ஒரு மெத்தையின் கால்மாட்டில் விழுந்தான். தூங்கிக்கொண்டிருந்தவர் ஒரு கண்ணைத் திறந்து, "நான் வேலையிலதான் சார் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

"அண்ணி, நான் இந்தத் துப்பறியற வேலையை விட்டுடறேன்" என்றான் டமாரம் படுத்தபடியே. "இங்க ஆள் எடுக்கிறாங்களான்னு கேளுங்க."

"எழுந்திரு. கோடு நகருது."

கூடத்தின் மறு வாசல், நடைபாதை, மாடிப்படி. ஒவ்வொரு படியிலும் ஒரு கோடு ஏறியது. திருப்பத்தில் எல்லாக் கோடும் நிறைந்தது. அண்ணி சடாரென்று நின்றாள். டமாரம் அவள் மேல் மோதாமல் இருக்க ஒதுங்கி, பஞ்சு மாதிரி எதன் மேலோ மோதினான்.

தலையணை.

ஆள் உயரத் தலையணை. அதற்குக் கண் இருந்தது, காது வரை சிரிப்பு இருந்தது, இரண்டு கால் இருந்தது. கம்பெனியின் விளம்பர வேஷம். அதற்கு எதிரே மச்சான் சார் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். "கை ஆட்டு, இன்னும் சந்தோஷமா ஆட்டு! வாங்க மேடம், நீங்களும் பக்கத்துல நில்லுங்க, ஒரு வீடியோ எடுத்துடலாம்."

"அப்புறம் எடுத்துக்கலாம் சார்" என்று அண்ணி சிரித்தாள். "இவர்கிட்ட ஒரு ஆட்டோகிராப் வாங்கணும், இவன் ரொம்ப ஆசைப்படறான்."

டமாரம் ஆசைப்பட்டவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். மச்சான் சார் மீட்டிங் ஹாலைப் பார்த்துப் போனதும், அண்ணி தலையணையின் முதுகு ஜிப்பைக் கீழே இறக்கினாள். உள்ளே வேர்வையில் நனைந்த ஒரு நாடக நடிகர் நின்றார்.

"ராஜா வேஷம் கட்டின உடம்பு அம்மா இது! வயித்துப் பாட்டுக்குத் தலையணை ஆயிட்டேன்" என்றார். "உள்ள ஒரு குட்டி ஃபேன் வச்சிருக்காங்க. ஆனா கொஞ்ச நாளா முதுகுல அடுப்பு வச்ச மாதிரி கொதிக்குது. சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க."

அண்ணி டார்ச் அடித்தாள். ஃபேனுக்குக் கீழே பவர் பேங்க். அதற்குக் கீழே, டேப் போட்டு ஒட்டி, சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பொட்டி. பச்சை விளக்கு ஒன்று கண் சிமிட்டியது.

"அட என் ராஜாவே! மாடி மாடியா வலையைத் தூக்கிட்டுத் திரிஞ்சது நீங்கதானா!" என்றான் டமாரம்.

நடிகர் பதறினார். "எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. சாயங்காலம் கழட்டி ஸ்டோர் ரூம்ல தொங்க விட்டுட்டுப் போவேன். ஒயர் சார்தான் சார்ஜ் போடுவார்."

டமாரம் ஒரே துள்ளாகத் துள்ளித் திரும்பினான். "சிக்கிட்டீங்களா ஒயர்!"

ஒயர் சலித்துக்கொண்டார். "வெளியில தொங்கற சார்ஜர் பின்னை சொருகிட்டுப் போவேன். தலையணைக்குள்ள தலையை விட்டுப் பாக்கிறது என் வேலை இல்ல." கோபத்தோடு பொட்டியைப் பிய்க்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க" என்று தடுத்தாள் அண்ணி. "இது வாங்கிற பாஸ்வேர்டெல்லாம் எங்க போகுது?"

ஒயர் குனிந்து பார்த்தார். "உள்ள சிம் கார்டு இருக்கு. யார் என்ன டைப் அடிச்சாலும் உடனே ஒரு போனுக்குப் போயிடும்."

"உடனேயா?"

"அடுத்த நொடியே."

அண்ணி ஜிப்பை மேலே ஏற்றி, தலையணையின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். "ராஜா, மீட்டிங்குக்கு வந்து கதவு ஓரமா நில்லுங்க. எப்பவும் போல சிரிச்சுக்கிட்டே நில்லுங்க."

"சிரிப்பு துணியில தச்சிருக்கும்மா. நான் உள்ள அழுதாலும் அது சிரிக்கும்."

மீட்டிங் ஹால் நிறைந்திருந்தது. மேடையில் முதலாளி, அவருக்குப் பக்கத்தில் மச்சான் சார், சுவரோரம் ஒயர். முதல் வரிசையில் கணக்கு அக்கா. அவருக்கு இரு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன. நேற்று வரை ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் பின் வரிசைக்குப் போயிருந்தார்கள். அதைப் பார்த்ததும் டமாரத்துக்கு வாய் அடைத்துக்கொண்டது. அவன் பிறந்ததிலிருந்து அது அபூர்வமாக நடக்கிற விஷயம். போய் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். மறுபக்கத்து நாற்காலியில் அண்ணி உட்கார்ந்தாள்.

"ஒயரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன்" என்று முணுமுணுத்தான்.

"ஒரு ஆளைப் பாக்காதே. எல்லார் கையையும் பாரு."

"கையையா?"

அண்ணி தன் போனில் பூட்டில்லாத வைஃபையைத் தொட்டாள். பேரும் பாஸ்வேர்டும் கேட்டு ஒரு பக்கம் விரிந்தது. பேர் இருக்க வேண்டிய இடத்தில் முதலாளியின் பேரைப் போட்டாள். பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடத்தில் தமிழிலேயே அடித்தாள்: 'உங்க பேன்ட் பின்னால கிழிஞ்சிருக்கு.'

அனுப்பினாள்.

எட்டிப் படித்த டமாரத்தின் கை, அவனைக் கேட்காமலே, அவன் பேன்ட்டின் பின்பக்கம் போய்த் தடவிப் பார்த்தது.

"உனக்கில்ல" என்றாள் அண்ணி உதடு அசையாமல்.

டமாரம் அசட்டுச் சிரிப்போடு நிமிர்ந்தான். ஹாலில் யார் கையும் அசையவில்லை. ஒயர் கை கட்டிக்கொண்டு கொட்டாவி விட்டார். மேடையில் ஒரு போன் 'விர்ர்' என்றது. அதை எடுத்துப் பார்த்தவர் முகத்தில் முதலில் ஜாக்பாட் அடித்த மாதிரி ஒரு பூரிப்பு. அடுத்த கணம் பூரிப்பு உறைந்தது. போனைத் தாழ்த்தினார். அக்கம்பக்கம் பார்த்தார். நாற்காலியிலிருந்து லேசாக எழும்பி, இடது கையை மெல்ல, மிக மெல்ல, பின்னால் கொண்டுபோய்த் தடவினார்.

மச்சான் சார்!

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த மச்சான் சார். நாற்காலி இழுத்துப் போட்ட மச்சான் சார். டமாரத்துக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போன மச்சான் சார்.

அண்ணி எழுந்தாள். "மச்சான் சார், கவலைப்படாதீங்க. கிழியல."

ஹால் முழுக்கத் திரும்பியது. மச்சான் சார் கையை வெடுக்கென்று எடுத்தார். "எது... எது கிழியல?"

"இப்போ நீங்க தடவிப் பாத்தீங்களே, அது."

"அரிச்சுது! ஒரு மனுஷன் அரிச்சா சொறியக் கூடாதா?"

"தாராளமா. போனை மட்டும் முதலாளிகிட்ட குடுங்க."

மச்சான் சார் தயங்குவதற்குள், முதலாளி போனைப் பிடுங்கிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். அண்ணி எல்லோரும் பார்க்கும்படி தன் போனை உயரத் தூக்கி, அதே பக்கத்தில் இன்னொரு பாஸ்வேர்டு அடித்தாள். முதலாளி கையிலிருந்த போன் 'விர்ர்' என்றது.

"சத்தமா படிங்க சார்."

முதலாளி மைக்கில் படித்தார். "'அரிப்புக்கு... மருந்து... போடுங்க.'" ஒரு நொடி கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. "இது எப்படி இங்க வந்துச்சு?"

"திருட்டு வைஃபைல எழுதினது திருடன் போனுக்குத்தான் வரும். கொஞ்சம் மேல தள்ளிப் பாருங்க. கணக்கு அக்கா பாஸ்வேர்டும் இருக்கும், நீங்க போட்ட கண்டதும் இருக்கும்."

முதலாளி தள்ளினார். "ஆமா, இருக்கு! அட, இந்தக் கண்டதுக்கு நடுவுல இருக்கிறதுதான் என் பாஸ்வேர்டு! இவ்வளவு நாளா தேடிக்கிட்டிருந்தேன்!"

அந்த ஆரவாரத்தில் மச்சான் சார் மேடையிலிருந்து குதித்து வாசலுக்கு ஓடினார். ராஜா வேஷம் கட்டின உடம்பு ஒன்று அங்கே சிரித்துக்கொண்டே நின்றதை அவர் மறந்துவிட்டார். தலையணை ஒரு எட்டு வைத்து வாசலில் புகுந்தது. வேஷத்தின் அகலமும் வாசலின் அகலமும் ஒன்று. பிதுங்கி நின்றது. மச்சான் சார் அதன் வயிற்றில் முட்டி, எகிறி, பின்னால் உட்கார்ந்தார்.

இப்போதுதான் நிஜமாகவே 'டர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது.

ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அதற்கு நடுவே மச்சான் சார் தரையில் உட்கார்ந்தபடியே கத்தினார். "எனக்கு ஒரு ரூம் குடுத்தீங்களா அத்தான்? அக்காவை நீங்க கட்டிக்கிட்ட நாள்லேருந்து லிஃப்ட் பக்கத்துல ஒரு மேஜை! 'பனி' கம்பெனிக்காரங்க ஜன்னல் வச்ச ரூம் தர்றேன்னாங்க!"

"கேட்டிருந்தா என் ரூமையே குடுத்திருப்பேனேடா" என்றார் முதலாளி. மேஜையைக் குத்தக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ஒயர் வந்து தலையணை முதுகிலிருந்து பொட்டியைப் பிய்த்தார். "எல்லாரும் போனை எடுங்க. பூட்டில்லாததை நீண்ட நேரம் அமுக்கினா 'மறந்துவிடு'ன்னு வரும், அமுக்குங்க. அப்புறம் எல்லாரும் பாஸ்வேர்டை மாத்துங்க. இனிமே வைஃபை மாறினா நானே ஒவ்வொரு மேஜைக்கும் வந்து சொல்லுவேன். மெயில் வந்தா நம்பாதீங்க, என்கிட்ட நேர்ல கேளுங்க. சலிச்சுக்க மாட்டேன்." கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் சலிப்போடுதான் சொன்னார்.

முதலாளி மேடையை விட்டு இறங்கி முதல் வரிசைக்கு வந்தார். கணக்கு அக்காவுக்கு எதிரில் நின்று, தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

"காதுல விழல சார்" என்றார் அக்கா. "வீட்டுக்கு அனுப்பறதா இருந்தா மைக்லதானே சொல்லியிருப்பீங்க?"

முதலாளி திரும்பி மேடை ஏறினார். மைக்கைப் பிடித்தார். "தப்பு என் மேலதான். மன்னிச்சிடுங்கம்மா." ஹால் கை தட்டியது. பின் வரிசையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்து, அக்காவின் பக்கத்தில் உட்கார இடம் கேட்டு நின்றார்கள். அக்கா அவர்களைக் கொஞ்ச நேரம் நிற்கவே விட்டார். அப்புறம் அண்ணி எழுந்துபோன நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். டமாரம் எழுந்து இடம் விட்டான்.

முதலாளியின் போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. "வீட்ல... என் சம்சாரம். தம்பின்னா அவளுக்கு உயிர். மேடம், நீங்களே சொல்லிடுங்களேன்?"

"துப்பறியறதோட எங்க வேலை முடிஞ்சுது சார்" என்று அண்ணி ஒரு எட்டு பின்னால் போனாள். டமாரம்கூட வாயை மூடிக்கொண்டான். அன்றைக்கு இரண்டாவது தடவை.

கணக்கு அக்கா எழுந்து வந்து முதலாளி கையிலிருந்து போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். "அம்மா, நான் கணக்குப் பிரிவிலேருந்து பேசறேன். உக்காந்துட்டுக் கேளுங்க. உங்க தம்பி..." என்று ஆரம்பித்து, கூட்டாமலும் குறைக்காமலும், வரவு செலவு வாசிக்கிற மாதிரி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"அவனா? நேத்து சாயங்காலம் சாப்பிட வந்தவன், அத்தான் பாஸ்வேர்டு என்னக்கான்னு என்கிட்டயே கேட்டான். அந்த மனுஷனுக்கே தெரியாது, எனக்கெப்படித் தெரியும்னேன். அவனை அங்கேயே உக்கார வைங்க, நான் வர்றேன்." கொஞ்சம் நிறுத்தி, "வர்றப்ப ஒரு பேன்ட்டும் எடுத்துட்டு வர்றேன்" என்றது குரல்.